ஆட்டுக்குள் ஒரு காவல் நாய்!

ராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் விரிகுடாக் கரையோரம் இருக்கிறது திருப்பாலைக்குடி. உச்சி வேளையில் அந்தப் பக்கம் போனால் வெயில் சுள்ளென்று அடிக்கும். நாம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிழல் தேடி ஓடுவோம். செம்மறி ஆடுகளோ வெயிலிலேயே மேயும். 'ராமநாதபுரம் வெள்ளை' என்று இந்த மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு செம்மறி இனம் உண்டு.

சுட்டிகளே, இத்தனை வெயில் ஆட்டின் தோலை என்ன செய்யும்?

வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள், தோல் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். பெரும்பாலும் செல்லே அதைச் சரிசெய்துகொள்ளும். முடியாமல் போனால், சில செல்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகத் தொடங்கும். அதுதான் தோல் புற்றுநோய். காது, கண் இமை, மூக்கு, உதடு என முடி குறைந்த இடங்களில்தான் ஆபத்து அதிகம். ஆஸ்திரேலியாவின் மெரினோ செம்மறிகளுக்கு இந்த நோய் வருவது உண்டு.

நரியா, நம்ம ஆடா?

வயலில் கிடை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? புழுக்கை உரமாகட்டும் என்று இரவில் ஆடுகளை அங்கே மடக்கி வைப்பார்கள். காவலுக்கு நாய் இருக்கும். நரி வந்தால் மோப்பம் பிடித்துப் பாயும். சொந்த ஆட்டை ஒன்றும் செய்யாது.

ஆட்டின் உடம்புக்குள்ளும் இப்படிக் காவல் உண்டு. ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகையான 'டி செல்'தான் அந்தக் காவல் நாய். கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதத்தின் துண்டுகளை வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். டி செல் அதைச் சோதிக்கும். சொந்தப் புரதம் என்றால் விட்டுவிடும். அம்மை வைரஸின் புரதம் என்றால் அந்தச் செல்லையே கொன்றுவிடும்.

புற்றுநோயில்தான் சிக்கல். புற்றுச் செல் வெளியிலிருந்து வந்த நரி அல்ல. மந்தையிலேயே பிறந்து கெட்டுப்போன ஆடு! வாசனை கொஞ்சம்தான் மாறியிருக்கும். அதனால் காவல் நாய் தடுமாறும். வெள்ளை அணுக்கள் கட்டியைச் சூழ்ந்து நின்றாலும் கட்டி வளர்ந்துகொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மோப்பம் காட்டினால்?

நம் நாட்டுக் காளைகளுக்குக் கொம்பில் புற்றுநோய் வருவது உண்டு. இந்தியக் கால்நடை மருத்துவர்கள் ஒரு வழி கண்டார்கள். கட்டியிலிருந்தே சாறு எடுத்து ஊசியாகப் போட்டார்கள். 'இதுதான் வாசனை, பிடி!' என்று நாய்க்குக் காட்டுவது போல. சில மாடுகளுக்குக் கட்டி சுருங்கியது. எல்லா மாடுகளுக்கும் பலிக்கவில்லை.

ஏன்? டி செல்லுக்குச் சங்கிலியும் உண்டு! சொந்த உடம்பைக் கடித்துவிடாமல் இருக்க இயற்கை போட்ட சங்கிலி அது. புற்றுநோய் அதை இறுக்கிப் பிடித்துத் தப்பித்துக்கொள்ளும். சங்கிலியை அவிழ்க்க வழி கண்ட அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன், ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் 2018ல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படிப்பட்ட முதல் மருந்துக்கு 2011ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எந்த நோய்க்குத் தெரியுமா? மனிதர்களின் தோல் புற்றுநோய்க்கு!

நீங்களும் காவல்தான்

ஆட்டுக்கு நோய் வந்தால், கட்டி சிறியதாக இருக்கும்போதே மருத்துவர் அறுத்து எடுப்பதுதான் நல்ல வழி. எனவே வீட்டில் ஆடு இருந்தால், காதையும் மூக்கையும் அடிக்கடி பாருங்கள். ஆறாத புண், மரு போன்ற தடிப்பு தெரிந்தால் பெரியவர்களிடம் சொல்லி, கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஆட்டின் புற்றுநோய் உங்களுக்குத் தொற்றாது. ஆனால் வாயைச் சுற்றி வரும் சில வைரஸ் புண்கள் கையில் தொற்றும். அதனால் புண்ணைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மதிய வெயிலில் ஆடுகளை மர நிழலில் நிறுத்துங்கள்.

'எனக்கு வலிக்கிறது' என்று ஆட்டால் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாகப் பார்த்துச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்களே!