மழையின் அளவைத் தப்பு சொல்லட்டும்

சுற்றுச்சூழல் அறிவியலின் உண்மைகளை இசை, ஒளி, காட்சி, உடலசைவு ஆகியவற்றின் வழியே மக்கள் முன் நேரடியாக நிகழ்த்திக் காட்டும் பல்லூடகக் கலை இன்று பல நாடுகளில் வளர்ந்து வருகிறது. அதன் உத்திகளுள் ஒன்று தரவை ஒலியாக்கல், அதாவது வெப்பநிலை, மழையளவு போன்ற எண்களை ஒரு விதிப்படி சுரங்களாக மாற்றுதல். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர் டேனியல் கிராஃபர்ட் 2013இல், குளிர்ந்த ஆண்டுக்குத் தாழ்ந்த சுரமும் வெப்பமான ஆண்டுக்கு உயர்ந்த சுரமும் அமைத்து, 1880 முதலான உலக வெப்பநிலைப் பதிவை செல்லோ என்னும் நரம்புக் கருவியில் வாசித்துப் புவி வெப்பமாதலைச் செவிப்புலனுக்கு உரியதாக்கினார். தமிழகத்தில் 2017இல் கபேர் வாசுகி எழுதி டி. எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’, எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவைக் கர்நாடக இசையோடும் காட்சிகளோடும் முன்வைத்தது.

இத்தகைய கலைக்கான தேவை இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில் மிகுதி. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரியிலும், கேகாலையின் சரிவுகளிலும், தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் லயன் எனப்படும் வரிசைக் குடியிருப்புகள் மண்சரிவு அபாயத்தோடு வாழ்கின்றன. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலைச்சரிவு இடிந்து கிராமங்களைப் புதைத்தது. மறு ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரி வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கியது.

சரிவின் மண்ணுக்குள் மழைநீர் இறங்கும்போது மண்ணின் எடை கூடுகிறது, துகள்களின் பிடிப்போ தளர்கிறது. ஆகவே 24 மணி நேரத்தில் பெய்யும் மழை 75, 100, 150 மில்லிமீற்றரைக் கடக்கும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முறையே விழிப்பு, எச்சரிக்கை, வெளியேற்றம் என மூன்று நிலைகளில் அறிவிப்பு விடுக்கிறது.

இந்த மூன்று எண்களையும் மக்களின் நினைவில் பதிப்பதற்குரிய கலைவடிவம் தோட்டங்களிலேயே இருக்கிறது. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவதையும் ரதியின் புலம்பலையும் மாசி மாதத்தில் நிகழ்த்தும் காமன் கூத்து, தப்பு என்னும் தோற்கருவியும் பாட்டும் ஆட்டமும் வேடமும் தீயும் ஒன்றுசேர, தோட்டம் முழுவதையும் ஒரே களத்தில் கூட்டுகிறது. ஒரு காலத்தில் தொழிலாளரைப் பிரட்டு எனப்படும் காலை வேலைக்கூட்டத்துக்கு அழைத்ததும் தப்பே என்பதால், அறிவிப்பின் ஒலியாக அதனை ஏற்பதற்கு மக்கள் பழக்கப்பட்டவர்கள். மேலும், மே மாதத்தில் தொடங்கும் தென்மேல் பருவமழைக்கு முன் வரும் மாசி, ஆயத்தத்திற்கு உகந்த காலம்.

எனவே கூத்தின் சடங்கு சிறிதும் மாறாமல், அதையொட்டிய இரவுகளில் தோட்டப் பாடசாலை மாணவர்களின் மழைமானிப் பதிவை அந்த மூன்று நிலைகளுக்குரிய மூன்று தாள அடிகளாகத் தப்புக் கலைஞர்கள் வாசிக்க, சரிவில் விழும் வெடிப்பும் சாயும் மரமும் கலங்கி ஊறும் நீரும் திரையில் காட்டப்படுமானால், அபாயத்தின் அறிகுறிகள் எழுத்தறியாத முதியவருக்கும் புரியும்.

ஆயினும் எச்சரிக்கை மட்டும் உயிரைக் காப்பதில்லை. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தவில் லயன்கள் புதையுண்ட இடம், அபாயமானது என முன்னரே அறிவிக்கப்பட்டிருந்த இடமே. வெளியேறச் சொல்லும் தப்பொலிக்குப் பொருள் இருக்க வேண்டுமாயின், வெளியேறுவோருக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் இருக்க வேண்டும். அதனை வழங்குவது அரசினதும் தோட்ட நிர்வாகங்களினதும் கடமை.