செய்தி ஏன் குதிக்கிறது?

காந்திபுரத்தில் பஸ் ஏறி, கைபேசியில் சிறுவாணி அணை நீர்மட்டச் செய்தியைத் தொடப் போகிறோம். விரல் படுவதற்குள் பக்கம் கீழே நழுவி, நகைக்கடை விளம்பரம் திறந்துகொள்கிறது. ஏனுங்க இப்படி?

எழுத்து எடை குறைந்தது, முதலில் வந்துவிடும். விளம்பரத்துக்கோ, பெரும்பாலும் நாம் பக்கத்தைத் திறந்த பிறகுதான் இடம் யாருக்கென்று கணினிகளுக்குள் ஏலமே நடக்கிறது. வென்றவரின் படம் வேறொரு சர்வரிலிருந்து வர வேண்டும். அதற்கென உயரம் ஒதுக்கிவைக்காத பக்கத்தில், படம் வந்ததும் எழுத்தைக் கீழே தள்ளுகிறது. வால்பாறை மலைப்பாதையில் சிக்னல் மெலிந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்த நகர்வை மதிப்பிட 2020-இல் கூகுள் ஓர் அளவுகோல் வைத்தது: 0.1-க்குள் இருந்தால் நல்ல பக்கம். இடத்தை முன்பே ஒதுக்க ஓரிரு வரி நிரல் போதும். செய்யாமல் விடுவது சோம்பல்தான். அதுவரை, பக்கம் அசைவது நின்றபின் விரலை வையுங்கள்.