அப்பாவுக்கு ஒரு குடை!

எங்க அப்பாவுக்கு ரெண்டு பிறந்தநாள். ஒண்ணு, ஒண்ணாங்கிளாஸில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்ட ஜூன் மாசத் தேதி. சர்க்கார் உத்தியோகம், ரிட்டயர்மென்ட் எல்லாம் அந்தக் கணக்கில்தான். இன்னொன்று பாட்டி சொன்ன ஐப்பசி மாசம். கொட்டுகிற மழையில் பிறந்தாராம். ரெண்டையுமே அவர் கொண்டாடியதில்லை. அறுபதுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தோம். எண்பதுக்கு சதாபிஷேகம் இருக்கிறது. நடுவில் எழுபத்தொண்ணுக்கு என்ன இருக்கிறது? அம்மா பாயசம் வைப்பாள். நான் "ஹேப்பி பர்த்டேப்பா" என்பேன். அவர் "ம்" என்பார். அந்த வருஷத்துப் பேச்சுவார்த்தை இனிதே முடிந்தது.

இந்தத் தடவை ஒரு கார்டாவது கொடுப்போம் என்று கடைக்குப் போனேன். பெண்களுக்கென்றால் ரோஜா, பட்டாம்பூச்சி என்று அலமாரி நிறைய இருக்கிறது. ஆண்களுக்கு? கோல்ஃப் மட்டை, பாய்மரக் கப்பல், ஒயின் பாட்டில். எங்க அப்பா ஆயுசில் கையால் தொட்ட ஒரே மட்டை தென்னை மட்டை. ஏறிய ஒரே கப்பல், கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகு. ஒயின் பற்றி வீட்டில் பேசவே முடியாது.

"நீங்களே வரைஞ்சு கொடுங்களேன்" என்றாள் மனைவி. நான் கடைசியாக வரைந்தது பத்தாம் வகுப்பில், இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம். வாத்தியார் அதைக் கத்திரிக்காய் என்று நினைத்து மார்க் போட்டார்.

"சரி, என்ன வரையறது?"

"உங்கப்பான்னதும் கண்ணு முன்னாடி என்ன வருது?"

யோசிக்கவே இல்லை. கறுப்புக் குடை!

அப்பளம் ஆன வானம்

முதல் முயற்சி, ஆபீஸிலிருந்து 'கடன்' வாங்கி வந்த பிரின்டர் பேப்பரில். தண்ணீர் பட்டதும் பொரித்த அப்பளம் மாதிரி எழும்பிக்கொண்டது. வாட்டர்கலருக்கு 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள, சொரசொரப்பான பேப்பர் வேண்டும். கடையில் 'கோல்டு பிரஸ்டு' என்று கேட்டால் கொடுப்பார்கள். தேவையான அளவு வெட்டி, பழைய பரீட்சை அட்டையில் வைத்து, நாலு ஓரமும் மாஸ்க்கிங் டேப் ஒட்டிவிட வேண்டும். பேப்பர் அடங்கிக் கிடக்கும். கடைசியில் டேப்பை உரித்தால் சுற்றிலும் வெள்ளை பார்டர், அச்சில் வந்த மாதிரி!

டப்பாவில் இருபத்து நாலு கலர் வேண்டாம் சார். மூணு போதும். அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற செங்கல் பழுப்பு, யெல்லோ ஆக்கர். டியூபில் வரும் கறுப்பை அப்படியே பூசினால் குடை தார் டின் மாதிரி இருக்கும். நீலத்தையும் பழுப்பையும் கெட்டியாகக் கலந்தால் உயிருள்ள கறுப்பு. தண்ணீர் கூட்டினால் அதுவே மழை மேகச் சாம்பல். இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று கலர் கலக்க. மூன்றாவதாகக் காபி டம்ளரைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அனுபவம் பேசுகிறது.

வெள்ளை பெயின்ட் கிடையாது. பேப்பர்தான் வெள்ளை. எங்கே வெள்ளை வேண்டுமோ அங்கே பிரஷ் போகக் கூடாது. மழைக் கோடுகளை எப்படி விடுவது? மெழுகுவர்த்தி! முனையைச் சீவி, சாய்வாகக் கோடுகள் இழுத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலே கலர் பூசியதும் மெழுகு பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாமல் விலகி, மழை தானாகப் பெய்தது. ஆபீஸில் இன்கிரிமென்ட் வந்தபோதுகூட நான் அப்படிக் கத்தியதில்லை.

வானத்துக்கு முதலில் வெறும் தண்ணீரைப் பூசி, அந்த ஈரத்தின் மேலேயே கலரைத் தொட வேண்டும். அது பரவி மேகமாகும். காய்ந்தால் ஒரு படி வெளுக்கும் என்பதால் கொஞ்சம் அடர்த்தியாகவே போடலாம். அரைக்காய்ச்சலில் மட்டும் கை வைக்காதீர்கள். நான் வைத்தேன். ஒரு சொட்டு விழுந்து, வானத்தில் காலிஃபிளவர் பூத்தது. ஓவியர்களே இதற்கு வைத்திருக்கும் பெயர் அதுதானாம்! வேறு வழியில்லை, புதுப் பேப்பர். ஐப்பசி ஈரத்தில் ஒரு பூச்சு காய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. பொறுமையை அப்பாவிடமிருந்து நான் வாங்கவில்லை.

குடை எந்தப் பக்கம்?

புதுப் பேப்பரில் பென்சிலால் மறுபடி வரைந்தேன். குடைக்குக் கீழே ஒரு பெரிய உருவம், ஒரு சின்ன உருவம். நாலாம் வகுப்பு டியூஷனுக்கு அப்பா என்னைக் கூட்டிப்போகும் காட்சி. குடையை நட்ட நடுவில், நேராக நிறுத்தினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால், ஏதோ தப்பு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா திண்ணையில் நின்று சட்டையைப் பிழிவார். நான் சொட்டுகூட நனைந்திருக்க மாட்டேன். 'குடை இருந்தும் எப்படிப்பா நனையறீங்க?' என்று சிரித்திருக்கிறேன்.

பென்சில் கோட்டை அழித்தேன். குடையைச் சின்ன உருவத்தின் பக்கம் நன்றாகச் சாய்த்தேன். அதற்குப் பிறகுதான் மெழுகுவர்த்தி, வானம் எல்லாம். கடைசியாக அப்பாவின் சட்டை. வெளிர் ஆக்கர் பூசி, ஈரம் காய்வதற்குள் வெளித்தோளில் துளி சாம்பலைத் தொட்டேன். அது மெதுவாகக் கீழே இறங்கி, நனைந்த சட்டையாகிவிட்டது. அதற்கு மேல் பிரஷ் எடுக்கத் தோன்றவில்லை.

பிறந்தநாளன்று கொடுத்தேன். டிரஷரியில் 35 வருஷம் பில்லில் பிழை கண்டுபிடித்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தணிக்கையை ஆரம்பித்தார்.

"குடைக்கு எட்டுக் கம்பிடா. முன்பக்கமே ஆறு போட்டிருக்கே. பின்பக்கம் ரெண்டுதானா?"

"..."

"பேப்பர் என்ன விலை?"

சொன்னேன். 'ம்' என்றார். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார்.

"டியூஷன் வாத்தியார் வீட்டுக்குப் போற வழியா?"

"ஆமாப்பா."

"அந்தக் குடை சின்னதுடா. ரெண்டு பேருக்குப் பத்தாது" என்றார்.

"தண்ணி பட்டா கரைஞ்சிடும்ப்பா, பார்த்து" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்கு ஓடிவிட்டேன். அதற்கு மேல் அங்கே நின்றால் படத்தைக் கரைக்க மழை தேவைப்பட்டிருக்காது.

ஒரு வாரம் கழித்து ரேஷன் கார்டு தேடினேன். அப்பாவின் மஞ்சள் பையில், ரேஷன் கார்டுக்கும் எல்.ஐ.சி. பத்திரத்துக்கும் நடுவில் அந்தக் கார்டு இருந்தது. மேலே ஒன்றுக்கு ரெண்டாக பிளாஸ்டிக் கவர்.

"நனையக் கூடாதாம்டா" என்றாள் அம்மா.