பழைய லாரி வாங்கும் சங்கங்களுக்கு

சோழவந்தான் வெற்றிலையையும் வாழைக்காயையும் மதுரைக்குக் கொணரவும், மதுரையிலிருந்து சேலைப் பொதிகளை வெளியூர் அனுப்பவும் சொந்த லாரி இருப்பின் வாடகை மிச்சமாகும் என்று சங்க அங்கத்தினர்கள் எண்ணுவது இயல்பே. புது வண்டிக்குப் பணம் போதாதபோது பழைய வண்டியை நாடுகிறோம். பங்குப் பணம் முழுவதும் ஒரே நாளில் முடங்கக்கூடிய இடம் அதுவே.

பழைய லாரியிற் கேபின் துருவேறியிருந்தால் வேறு கேபின், சேஸிஸ் விரிந்திருந்தால் வேறு சேஸிஸ் என்று பட்டறையில் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். சட்டத்தின் முன் இவ்விரண்டும் ஒன்றல்ல. வெறும் சேஸிஸை வாங்கி நாமக்கல் போன்ற ஊர்களிற் கேபினும் பாடியும் கட்டிக்கொள்வது நம் நாட்டு வழக்கம். ஆகவே வண்டி இன்னதென்று காட்டுவது கேபின் அன்று; சேஸிஸின் நீளச் சட்டத்திற் பொறித்த எண்ணே. புதுக் கேபினைக் கண்டு லாரியின் வயதை மதிப்பிடுவது, சாயத்தைக் கண்டு நூலின் உறுதியை மதிப்பிடுவது போன்றதாம்.

கேபின் மாற்றத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பல வண்டிகளில் சேஸிஸ் எண்ணைத் தாங்கிய தயாரிப்பாளர் தகடு கேபினிலும் அறையப்பட்டிருக்கும். வேறொரு லாரியின் கேபின் வந்தால் அதன் தகடும் உடன்வரும். தகட்டில் ஓர் எண், சட்டத்தில் ஓர் எண் என்றாகிவிடும். அந்தக் கேபினை வாங்கிய ரசீதை வைத்திருப்பவர்களே இதற்கு விடை சொல்ல முடியும்.

சேஸிஸ் மாற்றமோ மிகக் கடுமையான விஷயம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, வண்டியிற் பொறித்த சேஸிஸ் எண்ணோ என்ஜின் எண்ணோ பதிவுச் சான்றுக்கு மாறாயிருப்பின், உரிமையாளரின் சமாதானத்தைக் கேட்டபின் பதிவை ரத்து செய்ய வேண்டும். மாற்றியவர் முன்னைய உரிமையாளராயினும் வண்டியை இழப்பது சங்கமே. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்பதை 52ஆம் பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது. சேஸிஸ் உண்மையிலேயே முறிந்துபோனால், பட்டறைக்குப் போகுமுன் பதிவு அதிகாரியிடம் போவதே முறை.

எண்ணுள்ள துண்டை வெட்டி வேறு சட்டத்திற் பற்றவைக்கும் வித்தையும் உண்டு. எண்ணைச் சுற்றிப் பற்றவைத்த தழும்போ, அங்கே மட்டும் புதுப் பெயிண்டோ தென்பட்டால் விலகிவிடுக. 17 இடங்கள் கொண்ட எண்ணாயின் அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரமாட்டா; இலக்கங்களோடு மயங்குமென்று அவற்றை விலக்கியுள்ளார்கள்.

முன்பணம் கொடுக்குமுன் துருவைத் துடைத்து, எண்ணின்மேல் மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். அதை ஆர்.சி. புத்தகத்தோடும் இன்சூரன்ஸ் பத்திரத்தோடும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பின்னர் வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற் கேட்டறியுங்கள். மதுரையில் 58 எனில் தெற்கு, 59 வடக்கு, 64 மத்தியம். ஆர்.சி. புத்தகத்திற் கடன் குறிப்பு இருப்பின், கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்று கைக்கு வரும்வரை பணப்பையை அவிழ்க்க வேண்டாம்.