25 வருஷ டைரி!

டைரி எழுதுவீர்களா, குட்டீஸ்? புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் ஆனந்தரங்கம் பிள்ளை. இவர் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சண்டை மூண்டது, ஊரில் பேசிக்கொண்டது... எல்லாமே பேச்சுத் தமிழில்!

அவர் மறைந்தபின் அந்த நோட்டுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846ல் கலுவா மொம்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு, பிரதி எடுக்கச் செய்தார். அதற்குள் சில பகுதிகள் தொலைந்துவிட்டன. மிஞ்சியதே ஆங்கிலத்தில் 12 தொகுதிகள்!

ஒரகடம் பக்கம் சேரப்பணஞ்சேரிபோல, வயலருகே தொழிற்சாலை வந்த ஊரா உங்களுடையது? பார்த்ததைத் தேதி போட்டு எழுதுங்கள். கம்ப்யூட்டரில் எழுதினால், வேறிடத்தில் ஒரு பிரதி வையுங்கள். நாளைக்கு அதுவே உங்கள் ஊரின் வரலாறு!