பஞ்சாப் குடியானவனும் வைக்கோல் தீயும்

ஐப்பசி மாதம் பிறந்ததும் டில்லிப் பட்டணத்துப் பத்திரிகைகள் பஞ்சாப் குடியானவனைத் தூற்றத் தொடங்குவது வருஷந்தோறும் நடைபெறும் வழக்கமாகிவிட்டது. அவன் நெல்லறுத்த தாளுக்குத் தீ வைக்கிறான், புகை காற்றோடு சென்று தலைநகரை மூடுகிறது, குழந்தைகள் இருமுகின்றன, பள்ளிக்கூடங்கள் அடைக்கப்படுகின்றன. இவை யாவும் உண்மையே. புகையின் கொடுமையைக் குறைத்துக் கூற நாம் முற்படவில்லை. ஆனால் அப்புகையை முதன்முதல் சுவாசிப்பவர் அத்தீயருகே நிற்கும் குடியானவனும் அவன் மக்களுமே. தன் மக்கள் மூச்சுத் திணறுவதைக் கண்டும் அவன் ஏன் கொளுத்துகிறான் என்ற கேள்வியைத் தலைநகர்வாசிகள் போதிய அளவு கேட்டதாகத் தெரியவில்லையாதலால், நாம் கேட்கிறோம்.

தஞ்சை ஜில்லாக் குடியானவனுக்கு இது விளங்காத புதிராகவே தோன்றும். வைக்கோற்போர் அவனுக்குச் செல்வம், மாட்டுக்குத் தீனி, விலைக்கும் போகும். பஞ்சாபிலோ மாட்டுக்குப் போடுவது கோதுமைத் தாள். நெல்தாளில் மணற்சத்து மிகுதி. கோதுமைத் தாள் கிடைக்கும்போது அங்குள்ளவர் அதைத் தீனியாக மதிப்பதில்லை. அன்றியும் அறுவடை இயந்திரம் கதிரைக் கொய்துகொண்டு, ஓரடி உயரத்துக்குக் கட்டையை நிறுத்தி, தாளை வயல் முழுதும் இறைத்துச் சென்றுவிடுகிறது. அம்மாகாணத்தில் இவ்வாறு வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டன் தாள் சேருகிறது.

அந்த நெல்லுந்தான் அங்கு எவ்வாறு வந்தது? 1960-ஆம் வருஷத்தில் பஞ்சாபில் நெல் விளைந்த நிலம் 2¼ லட்சம் ஹெக்டேர் அளவே. இப்பொழுது அது சுமார் 30 லட்சம் ஹெக்டேர். தேசம் பசித்திருந்தது, கோதுமையும் நெல்லும் விளைவித்தால் விலை நிர்ணயித்துத் தவறாமல் வாங்கிக்கொள்வதாகச் சர்க்கார் உறுதி கூறிற்று. 1997-இல் பாசனப் பம்புகளுக்கு மின்சாரமும் இலவசமாயிற்று. குடியானவன் நிலத்தடி நீரை இறைத்து நெல் நட்டான். நீர்மட்டம் வருஷத்துக்கு வருஷம் இறங்கிற்று. இதைக் கண்டு அஞ்சிய மாகாண சர்க்கார், கடுங்கோடையில் நடவு நடந்தால் நீர் வீணே ஆவியாகும் என்று கருதி, 2009-இல் ஒரு சட்டம் செய்தது. ஜூன் 10-ந் தேதிக்கு முன் நாற்று நடலாகாது என்று அது அப்போது விதித்தது. மீறினால் ஹெக்டேருக்கு மாதம் 10,000 ரூபாய் அபராதம். நோக்கம் நல்லதே. ஆனால் நடவு பின்தள்ளினால் அறுப்பும் பின்தள்ளும். கோதுமையோ நவம்பர் நடுவிற்குள் விதைபடாவிட்டால் மகசூல் குன்றும். இடையில் எஞ்சுவது பதினைந்து இருபது நாட்களே. அந்நாட்களுக்குள் வயலைச் சுத்தம் செய்யக் குடியானவன் கையில் உள்ள மலிவான கருவி தீக்குச்சி ஒன்றுதான்.

அச்சட்டத்துக்கு முன்பும் தாள் எரிக்கப்பட்டது என்பதை மறைப்பது நியாயமாகாது. சட்டத்துக்குப் பின் அத்தீ, காற்று அசையாது குளிர் இறங்கும் காலத்துக்குத் தள்ளப்பட்டது. அதனால் புகை கலையாமல் தேங்குகிறது. நியாயஸ்தலங்களில் நாம் விசித்திரமான வழக்குகள் பல கண்டதுண்டு. ஒரு சட்டத்துக்குப் பணிந்தவன் அப்பணிவாலேயே மற்றொரு சட்டத்தை மீறும் நிலைக்குத் தள்ளப்படுவதைப்போன்ற விசித்திரம் அரிது.

மற்றொரு சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், தாள் எரிப்போருக்கு நில அளவுக்கேற்ப 2,500, 5,000, 15,000 ரூபாய் என்று தண்டத்தொகை விதித்தது. 2024 நவம்பரில் அது இரட்டிக்கப்பட்டது. 2020-இல் பிறந்த அவசரச் சட்டம் ஒன்று ஐந்து வருஷச் சிறைவாசமும் ஒரு கோடி ரூபாய் அபராதமும் கூறி அச்சுறுத்திற்று. விவசாயிகளின் கிளர்ச்சிக்குப் பின் 2021-ஆம் வருஷச் சட்டத்தில் அத்தண்டனையிலிருந்து அவர்கள் விலக்கப்பட்டனர். இவற்றால் விளைந்ததென்ன? பஞ்சாபில் ஆகாயத்திலிருந்து எண்ணப்பட்ட தீக்கள் 2023-இல் 36,663, 2024-இல் 10,909. அதிகாரிகள் மகிழ்ந்தனர். ஆனால் விஞ்ஞானிகள் சிலர், தீயை எண்ணும் செயற்கைக்கோள்கள் பிற்பகலில் கடந்து சென்றபின் பல வயல்கள் பற்றவைக்கப்படுவதைச் சுட்டிக்காட்டினர். எழுத்தறியாதவன் என்று நாம் நினைக்கும் குடியானவன் வானசாஸ்திரம் கற்றுக்கொண்டான் போலும்!

தாளை அகற்றாமலே கோதுமை விதைக்கும் இயந்திரங்கள் இல்லாமலில்லை. 2018 முதல் மத்திய சர்க்கார் அவற்றுக்குத் தனியாருக்குப் பாதி விலையும் சங்கங்களுக்கு 80 சதவிகிதமும் உதவியாகத் தருகிறது. ஆனால் அவற்றை இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும். வருஷத்தில் இருபது நாள் வேலைக்காக நாலைந்து ஏக்கர்க்காரன் அத்தனை பணத்தை முடக்க முடியாது. வாடகைக்குக் கேட்டாலோ, எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படுகிறது. பெரிய மிராசுதாரின் வயல் முடிந்தபின்பே இவனுடைய முறை வரும்.

எனவே கொளுத்தாதவனுக்குப் பணம் கொடுப்பதென்ற யோசனை எழுந்தது. 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், தாள் எரிக்காத சிறு குடியானவருக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் வீதம் ஏழு நாட்களுக்குள் கொடுக்கும்படி உத்தரவிட்டது. சிறிது பட்டுவாடாவும் நடந்தது. பிறகு பொய் மனுக்கள் வந்தனவென்று பஞ்சாப் சர்க்கார் நிறுத்திவிட்டது. கோர்ட்டு உத்தரவை நம்பி டீசலுக்குக் கடன் வாங்கியவன் அடுத்த வருஷம் யாரை நம்புவான்?

அதே 2019-இல் பொருளாதார ஆராய்ச்சியாளர் சிலர் பட்டிண்டா, பரீத்கோட் ஜில்லாக்களில் 171 கிராமங்களில் ஒரு பரீட்சை செய்தனர். சில கிராமங்களில், எரிக்காதிருந்தால் பிறகு பணம் என்றனர். சிலவற்றில் அத்தொகையில் ஒரு பகுதியை முன்கூட்டியே, நிபந்தனையின்றிக் கையில் கொடுத்தனர். பிறகு தருகிறோம் என்ற வாக்குறுதியால் எரிப்பு குறையவேயில்லை. முன்பணம் கண்ட கிராமங்களில் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில் எரிப்பு குறைந்தது. பத்துப்பேர்தானா என்று சிலர் இகழலாம். ஆனால் கொடுத்த தொகை சொற்பம். அதே தொகை பின்னால் வரும் என்றபோது யாதொரு பயனும் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்தில் குடியானவன் கையில் ரொக்கம் இல்லை. இருப்பது ஆர்த்தியா எனப்படும் தரகுமண்டிக்காரனின் கடன் கணக்கு. இயந்திர வாடகை அன்றே கேட்கப்படுகிறது. சர்க்கார் பணம் என்று வருமோ, வருமோ வராதோ?

உகாண்டா தேசத்தில் 2011 முதல் 2013 வரை 60 கிராமங்களில், தம் நிலத்து மரங்களை வெட்டாதிருந்தவர்க்கு ஹெக்டேருக்கு 70,000 ஷில்லிங் வீதம் வருஷந்தோறும் கொடுத்தார்கள். அங்கே அழிந்த காடு நூற்றுக்கு 4.2, பணம் பெறாத 61 கிராமங்களில் 9.1. அங்கும் மரத்தை வெட்டியவன் வேடிக்கைக்காக வெட்டவில்லை.

குற்றம் செய்யாதிருக்கக் கூலியா என்று நமது வக்கீல் நண்பர்கள் நகைக்கின்றனர். நகைப்பது எளிது. டில்லிவாசியின் சுவாசம் சுத்தமாவதற்கு ஆகும் செலவை மன்ஸா ஜில்லாவில் மூன்று ஏக்கர் உழுபவன் தன் மடியிலிருந்து கொடுக்கவேண்டும் என்பது எந்தச் சட்ட நூலில் உள்ளது? இப்பணம் நிரந்தர மருந்தன்று என்பதையும் நாம் அறிவோம். நெல்லை விட்டு வேறு பயிர் செய்ய 2020-இல் ஹரியானா சர்க்கார் ஏக்கருக்கு 7,000 ரூபாய் தருவதாக அறிவித்தது. ஆயினும் அம்மாற்றுப் பயிரை நெல்லைப்போல் தவறாமல் வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத வரையில் அவன் நெல்லுக்கே திரும்புவான்.

இதற்கிடையே செய்யத்தக்கது அதிகமில்லை. கொடுக்கும் தொகையில் பாதியைப் புரட்டாசியிலேயே, அறுப்பு இயந்திரம் வயலில் இறங்குமுன் கொடுக்கவேண்டும். வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவன் பெயர் சர்க்கார் கணக்கில் இல்லை. பட்டாதாரனுக்கே பணம் போனால் தாளைக் கொளுத்துகிறவன் கைக்கு ஒரு காசும் சேராது. ஆகையால் கிராமத்தில் யார் உண்மையில் பயிரிடுகிறார் என்ற ஜாபிதாவைப் பஞ்சாயத்தார் ஆவணி மாதத்துக்குள் எழுதி முடிக்கவேண்டும்.