சில்லறைக் கவலைகள்



நேற்றைய பொழுதைச் சற்றே நினைத்துப் பாருங்கள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்திருக்கும். மாவு அரைக்கும் நேரம் பார்த்து மின்சாரம் போயிருக்கும். பள்ளிக்குப் புறப்படும் வேளையில் பிள்ளையின் ஒரு காலணி மட்டும் காணாமற் போயிருக்கும். இவற்றுள் எதுவும் பெருந்துன்பம் அன்று. ஆயினும் இரவு படுக்கைக்குச் செல்லும்போது நம் முகத்தில் மிஞ்சி நிற்பது இவை தந்த சலிப்புத்தான். பெரிய இழப்புகள் நேரும்போது சபூர் செய்துகொள்ளும் நாம், பால் பொங்கியதற்காக வீட்டையே இரண்டாக்கிவிடுகிறோம்!

இது உங்களுக்கு நான் செய்யும் உபதேசம் அன்று. இந்தப் பாடத்தைக் காலந்தாழ்த்திக் கற்றவள் நான். கற்ற இடம் கொடைக்கானல்.

அது 2018ஆம் ஆண்டு. பழனி மலைச்சரிவுகளில் நீலக்குறிஞ்சி பூத்த ஆண்டு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டங்கூட்டமாகப் பூத்து, விதை உதிர்த்து, அத்தோடு மடிந்துபோகும் செடி அது. அதைக் காணவேண்டுமென்பது என் தாயாரின் நெடுநாளைய ஆசை. 1994இல் பூத்தபோது என் தம்பி கைக்குழந்தை. 2006இல் பூத்தபோது வாப்பா நோயில் படுத்திருந்தார். இருமுறையும் தட்டிப்போயிற்று. எனவே, இம்முறை எப்படியும் அழைத்துச் செல்வதென்று வண்டி அமர்த்திக்கொண்டு குடும்பத்தோடு புறப்பட்டோம்.

வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறத் தொடங்கியதுமே என் முணுமுணுப்பும் தொடங்கிவிட்டது. டம்டம் பாறையில் நின்றால் எதிரே எலிவால் அருவி தெரியும் என்றார்கள், மூடுபனி மறைத்துவிட்டது. வெள்ளி நீர்வீழ்ச்சியை நெருங்கும்போது வாகன நெரிசல். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வண்டி நகரவில்லை. விடுதிக்குப் போய்ச் சேர்ந்தால், கேட்ட அறை ஒன்று, கொடுத்த அறை வேறொன்று. மறுநாள் சுபுஹுக்கு எழுந்தால் குழாயில் வெந்நீர் வரவில்லை!

விடுதி ஊழியரோடு வாதாடிவிட்டு நான் திரும்பியபோது, என் தாயார் அந்தக் குளிர்ந்த நீரிலேயே ஒளுச் செய்து, தொழுதும் முடித்திருந்தார்.

“உம்மா, வெந்நீர் வரட்டும், பொறுங்கள் என்றேனே!”

“தண்ணீர் சில்லென்றுதான் இருந்தது, மகளே. முகத்தைத் துடைத்ததும் போய்விட்டது. உனக்குத்தான் இன்னும் போகவில்லை” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் தூறல் விடவில்லை. குறிஞ்சி பார்க்கப் போக முடியாமல், சூரிய ஆய்வகத்துக்குச் சென்றோம். வெயிலே இல்லாத நாளில் சூரியனைப் பார்க்கப் போகிறோமே என்று அதையும் ஒரு குறையாகவே சொல்லிக்கொண்டு போனேன்.

1899இல் நிறுவப்பெற்ற ஆய்வகம் அது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் பல லட்சம் மக்கள் மாண்டனர். மழை பொய்ப்பதற்கும் சூரியனில் நிகழும் மாறுதல்களுக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் நாட்டம், இத்தகைய ஆய்வகம் ஒன்று வேண்டுமென்னும் எண்ணத்துக்கு வலுவூட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இங்கே நாள்தோறும் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். மேகம் மூடினால் அன்று படம் இல்லை. வானம் தெளிந்ததும் மறுபடியும் எடுப்பார்கள். இப்படி விட்டுவிட்டுச் சேர்ந்த படங்கள்தாம் இன்று நூறாண்டுகளைக் கடந்த பெருங்களஞ்சியமாகி, அறிஞர்களுக்குப் பயன்படுகின்றன.

அங்கிருந்த காட்சிக்கூடத்தில் சூரியனின் படம் ஒன்று. அதன் முகத்தில் சில கறுப்புப் புள்ளிகள். “சூரியனில் கரி ஒட்டியிருக்கிறதே!” என்று வியந்தார் என் தாயார்.

அந்தப் புள்ளிகளின் கதை விந்தையானது. சூரியனின் மேற்பரப்பில் வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். வலிமை மிக்க காந்தப்புலம், உள்ளிருந்து மேலெழும் வெப்பத்தைத் தடுக்கும் இடங்களில் அது சுமார் 3,500, 4,000 டிகிரிக்குக் குறைந்துவிடுகிறது. அவ்விடங்களே புள்ளிகள். இந்தப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிப்புறமாகப் பாய்கின்றன என்பதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது இதே கொடைக்கானலில்தான். குறைந்த வெப்பம் என்று சொன்னேனே, அதுவே இரும்பை உருக்கும் வெப்பத்தைப்போல் இருமடங்குக்கும் மேல்! அந்தப் புள்ளி ஒன்றைத் தனியே எடுத்து இரவு வானில் வைத்தால் முழுநிலவையும் மிஞ்சி ஒளிரும். சுற்றிலும் அதனினும் பெரிய ஒளி இருப்பதால் மட்டுமே அது கறுப்பாகத் தெரிகிறது. சில நாட்களிலோ வாரங்களிலோ மறைந்தும் போகிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். ஆனால், மனத்தில் ஏற்றிக்கொள்ளவில்லை.

பிற்பகலில் வானம் வெளுத்தது. மலைச்சரிவு ஒன்றில் நீலப் போர்வை விரித்தாற்போல் குறிஞ்சி பூத்துக் கிடந்தது. என் தாயார் நெடுநேரம் நின்று பார்த்தார்; பேரப்பிள்ளைகளிடம் ஏதோ சொன்னார். நானோ சற்றுத் தள்ளி நின்று, அறை வாடகையைக் குறைத்துத் தரவேண்டும் என்று தொலைபேசியில் விடுதிக்காரரோடு வழக்காடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து என் தாயார் வஃபாத்தானார். “பூவைப் பார்த்துவிட்டு உம்மா என்ன சொன்னார்கள்?” என்று தம்பி ஒருநாள் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கும் நினைவில்லை. வாடகையில் எவ்வளவு குறைத்தார்கள் என்பது மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்பர்களே! அந்தக் கறுப்புப் புள்ளிகளின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. வண்டி நின்றுவிட்டதே என்று சினந்தேன். ஏறி வர வண்டி இருந்தது. மலைக்கு மோட்டார் சாலை வந்ததே முதல் உலகப் போர்க் காலத்தில்தான். அதற்கு முன் அடிவாரத்திலிருந்து நடந்தோ, குதிரையில் ஏறியோ, ஆட்கள் சுமக்கும் டோலியில் அமர்ந்தோதான் மேலே வரவேண்டும். அறை சரியில்லை என்றேன். அந்த அறைக்குள் என்னைப் பெற்றவர் இருந்தார். சுற்றிலும் அத்தனை வெளிச்சம் இருந்ததால்தான் அந்தச் சிறு குறை அவ்வளவு கறுப்பாகத் தெரிந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லாக் கவலையும் சில்லறைக் கவலை ஆகிவிடாது. நோய், கடன், பிள்ளையின் படிப்பு ஆகியவை கவனிக்கவேண்டியவை. வீட்டு வேலை அனைத்தும் ஒருத்தியின் தலையிலேயே விழுந்திருந்தால், அவளைப் பார்த்து “சபூர் செய்” என்பது நியாயம் ஆகாது. வேலையைப் பகிர்ந்துகொள்வதே முறை. பஞ்சத்தைக் கண்டு கவலைப்பட்டவர்கள் அதன் காரணத்தைத் தேடினார்கள். செயலுக்கு இட்டுச் செல்லும் கவலை வேறு. வெறும் முணுமுணுப்பு வேறு.

இரண்டையும் பிரித்தறிய மூன்று கேள்விகளை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது: நாளை இந்நேரம் இது எங்கே இருக்கும்? பொங்கிய பாலைத் துடைத்த துணிகூட அதற்குள் கொடியில் காய்ந்திருக்கும்.

இரண்டாவது: இப்போது என் கையால் ஆவது ஏதேனும் உண்டா? உண்டென்றால் செய்துவிட வேண்டும். மேகம் விலகும் வரையில் ஆவதொன்றும் இல்லையென்றால், காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது: இந்த நேரத்தில் என் பக்கத்தில் இருப்பவர் யார்? இதுவே மிக முக்கியமானது. நம் சலிப்பை முதலில் சுமப்பவர் அவரே.

பழகப் பழக இது எளிதாகிறது. நான் இன்னும் முணுமுணுக்கத்தான் செய்கிறேன். ஆனால், முன்போல் நாள் முழுவதும் அன்று.

குறிஞ்சி மீண்டும் பூக்கவேண்டியது 2030இல். இன்ஷா அல்லாஹ், தம்பியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகவேண்டும். 2024 மே மாதத்தில் கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. அப்போதும் அது இருந்தால் முன்னதாகவே பெற்றுக்கொள்வேன். மலைப்பாதையில் நெரிசல் இருக்கும். மூடுபனியும் வரலாம். வெந்நீர் வராமற்போனால், குளிர்ந்த நீரிலேயே ஒளுச் செய்துகொள்வேன்.